நட்சத்திரத்தின் பின்பக்கம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். அட்டை வெட்டும் மெஷினைப் பிறகு திறந்து பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. விளம்பரத்தில் போட்டிருந்தது அத்தனையும் உண்மை. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான் தொலைபேசித் துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கருவியை விற்கிறவன் குறையே இல்லை என்று சொன்னால், உள்ளே எங்கேயோ எலி கடித்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியாததா? ஆனால் இதில் அப்படி இல்லை. குறையெல்லாம் மனிதர்களிடம். சொல்கிறேன், காபி வரட்டும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இதை உங்கள் வண்டியில் ஏற்றிவிட்டால் நல்லது. கெசியா என்று பெயர். கணக்கு டீச்சர். இங்கே பாளையங்கோட்டையிலேயே வேலை. அவளுக்குத் தெரிந்துதான் விற்கிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மெஷின் என் மருமகளுடையது. என் மகன் ஜெயசீலன் மெல்போர்னில் இருக்கிறான். போன வருஷம் விடுமுறைக்கு வந்தபோது இங்கே நிறைய கைவேலை செய்யப்போகிறேன் என்று அந்தப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு வந்தது. வந்த நாளிலிருந்து தூக்கம்தான். திரும்பிப் போகும்போது பெட்டி எடை கூடிவிட்டது. நார்த்தங்காய் ஊறுகாயா மெஷினா என்று வந்தபோது ஊறுகாயை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படித்தான் இது எங்களிடம் தங்கியது. விளம்பரம் போட்டதும் ஜெயசீலன்தான். தங்கச்சியிடம் மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறேன். விட மாட்டான். சின்ன வயதில் இருந்தே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிவார்கள், அது வேறு விஷயம்.

உங்களுக்கு இது எப்படி வேலை செய்யும் என்று தெரியும்தானே? பிறந்தநாள் அலங்காரக் கடை வைத்திருக்கிறேன் என்கிறீர்கள், தெரியாமல் இருக்குமா. கம்ப்யூட்டரில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டுக் கொடுத்தால், இது அப்படியே அட்டையில் வெட்டித் தரும். பசை தடவிய பாய் ஒன்று இருக்கிறது, அதில் அட்டையை ஒட்டி உள்ளே செலுத்த வேண்டும். பிளேடு மேலே ஒரு கிளாம்பில், அதாவது ஒரு பிடியில், உட்கார்ந்திருக்கும். கத்தரிக்கோல் பிடித்தவன் கை நடுங்கும். இதற்கு நடுக்கமே கிடையாது. முதல் நாள் இது வெட்டுவதைப் பார்த்தபோதே சொன்னேன், இப்படி ஒரு ஊழியர் என் ஆபீசில் இருந்திருந்தால் நான் இன்னும் சீக்கிரம் ஓய்வு பெற்றிருப்பேன் என்று.

இதை விற்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்றால், அதற்கு ஒரு கல்யாணக் கார்டில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கெசியாவுக்கு ஒரு சம்பந்தம் முடிவாகியிருந்தது. பிரைட்சன் என்று ஒரு இன்ஜினியர். நிச்சயம் முடிந்து, கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லையோ? ஓலை என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் அறிவிப்பது. ஐயர் என்றால் எங்கள் போதகர். பூணூல் போட்ட ஐயர் இல்லை. மூன்று வாரம் வாசிப்பார்கள். நான் சிவகாசிக்கு நேரில் போய், நானே அட்டை தேர்ந்தெடுத்து, கார்டு அடித்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு அட்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்பக்கம் வெல்வெட் மாதிரி சிவப்பு, அதில் தங்கத்தில் திராட்சைக்கொடி. பின்பக்கம் வழவழவென்று வெள்ளை, அதில் தங்க எழுத்து. விரலால் சுண்டினால் தகரம் மாதிரிச் சத்தம் வரும். நான்கு மாவட்டத்துக்குப் போதுமான அளவுக்கு அடித்தேன். எனக்கு ஒரே மகள், இல்லையா?

அதில் ஒரு சின்ன விஷயம். மாப்பிள்ளையின் பெரியப்பா, ஓய்வு பெற்ற தாசில்தார், அவர் பெயர் கார்டில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போட்டேன். பெயருக்கு முன்னால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த' என்று சேர்த்துப் போட்டேன். ஏன் போட்டாய் என்று எல்லோரும் இன்றைக்கு வரை கேட்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள் தம்பி, நிச்சயதார்த்தத்துக்கே வராத பெரியப்பா உயிரோடு இருப்பார் என்று யாராவது நினைப்பார்களா? மரியாதைக்காகப் போட்டது அது. வெறும் 'மறைந்த' என்று போட்டிருக்கலாம். போட்டேனா? 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த' என்று முழுசாகப் போட்டேன்.

கார்டு போய்ச் சேர்ந்த அன்றைக்கே போன் வந்தது. "நான் நித்திரையடைஞ்சிட்டேனாமே? அப்ப இப்ப உங்ககிட்ட பேசுதது யாரு?" என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? உறுதியாகப் பேசுகிறீர்களே, சந்தோஷம் என்றேன். அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

அவர்கள் கேட்டது இரண்டு. வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கார்டைப் புதிதாக அடிக்க வேண்டும். இப்படி ஓர் அட்டையைத் தூக்கி எறிவதா? நான் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தேன். 'ஓய்வு பெற்ற வட்டாட்சியர்' என்று தங்க எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து, நித்திரைக்கு மேலே ஒட்டி அனுப்பினேன். ஒட்டியதே தெரியாது. அதற்கு அந்தப் பெரிய மனிதர், நகத்தால் சுரண்டினால் நான் செத்துப்போவேன், இப்படி ஒரு கார்டில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னார்கள். என் மனைவி ரோஸ்லெட், போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள், கால் தேய்ந்தா போகும் என்றாள். பிரஸ்காரன் செய்த தப்புக்கு நான் ஏன் கேட்க வேண்டும்? எழுதிக் கொடுத்தது நான்தான், ஆனால் அச்சடிப்பவன் படித்துப் பார்க்க வேண்டாமா? இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. அவ்வளவுதான். கல்யாணம் நின்றுவிட்டது.

கெசியா அழவில்லை. என் முன்னால் அழவில்லை. அந்த நாட்களில் அடிக்கடி முகம் கழுவிக்கொண்டு வருவாள், வெயில் காலம் வேறு. கார்டுகள் எல்லாம் பெட்டி பெட்டியாகப் பரணுக்குப் போயின. நல்ல அட்டையை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதுமா?

அதற்குப் பிறகு வந்த சம்பந்தம் எல்லாம், கல்யாணம் ஏன் நின்றது என்ற கேள்வியிலேயே நின்றது. என்ன சொல்வது? நடந்ததைச் சொன்னால் பெண்ணுக்குத்தானே கெட்ட பெயர்? என்னைப் பற்றி யார் என்ன நினைத்தால் எனக்கென்ன, நான் பெண்ணுக்காகத்தான் யோசித்தேன். அதனால் போன வருஷம் சாயர்புரத்தில் இருந்து ஒரு நல்ல இடம் வந்தபோது முதலிலேயே முடிவு செய்துவிட்டேன், இவர்களிடம் பழைய கதையைச் சொல்லப் போவதில்லை. மாப்பிள்ளை ஆஸ்டின், மாட்டு டாக்டர். அப்பா இல்லை. அம்மா லீலா டீச்சர், தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தூரத்து ஊர். விசாரிக்க ஆள் கிடையாது. எங்கள் சபையார் சொல்லிவிடுவார்களோ என்றால், அவர்கள் நல்லவர்கள். வெளியாரிடம் வாய் திறக்க மாட்டார்கள். தங்களுக்குள் பேசித் தீர்க்கவே அவர்களுக்கு நேரம் போதாது.

கெசியாதான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கேட்க வேண்டும், தெரியாமல் ஒருவன் தாலி கட்டினால் அந்த வீட்டில் நான் வாழ்நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றாள். நீங்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். இரண்டு வேளை. அதற்குப் பிறகு என் கட்டிலருகில் வந்து நின்றாள். நான் வேதப்புத்தகத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, நீயாக வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடு என்றேன். புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"சரிப்பா. நானா வாய் திறக்க மாட்டேன்" என்றாள்.

கடைசி வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றினாள் தம்பி. இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் மற்றவர்கள் எத்தனையோ காரணம் சொல்வார்கள், அவள் மேல் மட்டும் ஒரு பழியும் சொல்ல முடியாது. வளர்ப்பு அப்படி.

லீலா டீச்சர், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கீத ஆராதனைக்கு வந்து பெண்ணைப் பார்க்கிறோம் என்றார். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வது. பிடித்தால் அப்படியே வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் ஆராதனைக்கு வந்தோம் என்று போய்விடலாம். இரண்டு பக்கமும் கௌரவம் போகாது. கர்த்தரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த வருஷம் பார்த்து எங்கள் சபையில் மர அலங்காரம் தகராறில் இருந்தது. எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் மரம் என்பது ஒரு சவுக்கு மரம். வெட்டிக்கொண்டு வந்து மண் நிரப்பிய டின்னில் நடுவோம். மூன்றாவது நாளில் ஊசி இலையெல்லாம் கொட்டி ஞானஸ்நானத் தொட்டிக்குள் மிதக்கும். அதில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உருண்டைகளை எல்லாம் எலி கடித்து வைத்திருந்தது. கமிட்டியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். எலியைப் பற்றி முக்கால் மணி, அலங்காரத்தைப் பற்றிக் கால் மணி. நான் எழுந்து, எல்லாம் என் வீட்டில் மெஷினில் செய்து தருகிறேன் என்றேன். சபையார் கைகளால் செய்த அலங்காரம் என்று ஐயர் அறிக்கையில் எழுதிக்கொண்டார். அதோடு ஒரு யோசனையும் சொன்னேன். அன்றைக்கு வரும் விருந்தினருக்கு, மரத்தில் இருந்தே ஒரு அலங்காரத்தைப் பறித்து நினைவுப்பரிசாகக் கொடுப்போம். என் யோசனைதான் அது. லீலா டீச்சர் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஒரு மதிப்பு இருக்கும் அல்லவா?

வீட்டுக்கு வந்து சார்ட் பேப்பரில் வெட்டிப் பார்த்தேன். சொதசொதவென்று தொங்கியது, நட்சத்திரம் என்றால் நம்ப முடியாது, வாடின வெற்றிலை மாதிரி இருந்தது. கடையில் விற்கும் மினுமினு அட்டை, கையில் தேய்த்தால் மீன் செதில் மாதிரி உதிர்கிறது. என்ன செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தபோது கெசியா பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டு, "பரண்ல நல்ல அட்டை கெடக்குல்லாப்பா?" என்றாள்.

பார்த்தீர்களா? எனக்கே தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்தக் கார்டைப் பார்க்கக்கூடப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். தானே ஏணி போட்டு, தானே பெட்டிகளை இறக்கி, தூசி தட்டி வைத்தாள். பாதிப் பெட்டி, ஸ்டிக்கர் ஒட்டின கார்டுகள். சிவப்பும் தங்கமும், கிறிஸ்துமஸுக்கென்றே அடித்த மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வராமல் இல்லை. பின்பக்கம் எழுத்து இருக்கிறதே என்றேன். வெட்டினால் எழுத்து துண்டு துண்டாகப் போய்விடும், ஒன்றும் தெரியாது என்றாள். கணக்கு டீச்சர் சொல்கிறாள், சரியாகத்தானே இருக்கும்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் மேற்பார்வை. அவள் கம்ப்யூட்டரில் வடிவம் போடுவது, அட்டையைப் பாயில் ஒட்டுவது, மெஷினில் விடுவது, வெட்டினதை எடுப்பது, நூல் கோப்பது. நட்சத்திரம், மணி, புறா மூன்றும் தேர்ந்தெடுத்தாள். தேவதை போடலாமே என்றேன். தேவதைக்கு இறக்கை மடங்கும் என்றாள். ஒவ்வொரு கார்டையும் அளவுகோல் வைத்து அளந்து அளந்து ஒட்டினாள். நட்சத்திரம் கார்டின் நடுவில், மணி கொஞ்சம் மேலே, புறா கீழே. ஏன் இவ்வளவு அளவு என்று கேட்டதற்கு, இடத்துக்கு இடம் அட்டையின் உறுதி மாறும் என்றாள். இது எனக்கே புதிய செய்தி. நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், தொழிலுக்கு உதவும்.

நான் ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். இரண்டு நட்சத்திரத்தை முதுகோடு முதுகு ஒட்டிவிட்டால் இரண்டு பக்கமும் சிவப்பாக இருக்குமே என்றேன். பசை போட்டால் அட்டை நெளியும் என்றாள். ரோஸ்லெட் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "உங்க அப்பாவுக்கு நெளிஞ்சா ஆகாது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இதற்கெல்லாம் மெஷின்தான் காரணம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை மாதர் சங்கத்துப் பெண்களோடு போய் மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். நான் சாயங்காலம் பார்க்கப் போனேன். அந்தப் பெண்கள் மரத்தைச் சுற்றி நின்று ஒரே சிரிப்பு. என்னைக் கண்டதும் இன்னும் சிரிப்பு. கிறிஸ்துமஸ் மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். தள்ளி நின்று பார்த்தேன், மரம் சிவப்பும் தங்கமுமாக ஜொலித்தது. பின்பக்கத்தைப் பார்த்தீர்களா என்று பிற்பாடு எல்லோரும் என்னைக் கேட்டார்கள். பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்? நீங்கள் சுவரில் இருக்கும் காலண்டரைத் திருப்பிப் பார்க்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டினும் லீலா டீச்சரும் முன்னால் இருந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கெசியா பாடகர் குழுவில் நின்று பாடினாள். டீச்சர் அவளைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதும், திருப்தியாகத் தலையை ஆட்டுவதுமாக இருந்தார். எனக்குப் பிரசங்கமே காதில் விழவில்லை. வழக்கமாகவும் விழாது, ஆனால் அன்றைக்குக் காரணத்தோடு விழவில்லை.

ஆராதனை முடிந்து ஐயர் விருந்தினர்களை மரத்தடிக்கு அழைத்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். கெசியா ஒரு நட்சத்திரத்தைப் பறித்து லீலா டீச்சர் கையில் கொடுத்தாள். நன்றாக இருக்கிறதே, நீங்களே செய்ததா என்று டீச்சர் கேட்டார். கேட்டதும் நான் மெஷினைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பாய், பிளேடு, அழுத்தம், அட்டையின் உறுதி இடத்துக்கு இடம் மாறுவது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் தலைமை ஆசிரியை இல்லையா, எந்தப் பொருளைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துவிடும் பழக்கம். நான் பேசிக்கொண்டு இருக்கும்போதே திருப்பினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

நட்சத்திரத்துக்கு நடுவில், ஓர் எழுத்து குறையாமல், செல்வி கெசியா, எம்.எஸ்ஸி., பி.எட். அதற்குக் கீழே செல்வன் பிரைட்சன், பி.இ. அதற்கும் கீழே கல்யாணத் தேதி.

"பிரைட்சன் யாரு?" என்று கேட்டார்.

தொலைபேசித் துறையில் இருந்தவன் நான். லைன் அறுந்தால் உடனே மாற்று லைன் கொடுக்கத் தெரியும். எங்கள் சபையில் இன்னொரு கெசியா உண்டு, பாவம், அந்தப் பெண்ணின் பழைய கார்டு என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டவில்லை. டீச்சரும் ஓரளவுக்கு நம்பினார் என்றே சொல்வேன். அந்த நேரம் பார்த்து கெசியா ஒன்றும் பேசாமல் ஒரு மணியைப் பறித்து ஆஸ்டினிடம் கொடுத்தாள். விருந்தினர் இல்லையா, அவருக்கும் கொடுக்க வேண்டியதுதானே. அவர் அதைத் திருப்பினார். 'ஞா. ஞானாயுதம், ரோஸ்லெட் ஞானாயுதம் தம்பதியரின் ஏக குமாரத்தி' என்று சத்தமாகவே படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கெசியாவுக்கும் நீங்கதான் அப்பாவா, சார்?"

மாதர் சங்கத்துப் பக்கம் இருந்து ஒரு கனைப்புச் சத்தம். ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெஸ்ட்ரிக்குள், அங்கி மாற்றும் அறைக்குள், போய்விட்டார். ஆபத்துக் காலத்தில் உதவாத ஐயர். அப்போது கெசியா என்னிடம் திரும்பினாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அவங்களா கேக்காங்கப்பா. சொல்லட்டுமா?"

கோயிலுக்குள், அத்தனை பேர் பார்க்க, மகள் அனுமதி கேட்டால் என்ன செய்வது? தலையை ஆட்டினேன். ஆட்டினேனா, தானாக ஆடியதா என்று இப்போது தெரியவில்லை. அவள் மரத்தில் இருந்து ஒரு புறாவைப் பறித்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, கர்த்தருக்குள் நித்திரையடைந்த பெரியப்பாவை அவர்களுக்குக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம், அது ஒன்றுதான் எனக்கு வருத்தம். ஆஸ்டின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாட்டு டாக்டர், அவருக்கு என்ன தெரியும்.

லீலா டீச்சர் சிரிக்கவில்லை.

"கல்யாணம் நின்னதுல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. கோயில்ல நின்னுக்கிட்டு இன்னொரு கெசியான்னு சொன்னீங்கல்லா, அதான்" என்றார். பிறகு கெசியாவிடம், "நீயாவது முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டார்.

"நானா வாய் திறக்க மாட்டேன்னு அப்பாகிட்ட வாக்குக் கொடுத்திருந்தேன் டீச்சர்."

அந்த அம்மாள் கையில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். அந்த ஓரங்களை விரலால் தடவினார். மரத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தார். ஃபேன் காற்றில் எல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன. எது திரும்பினாலும் கெசியா, இல்லாவிட்டால் நான், இல்லாவிட்டால் தாசில்தார். கடைசியாகக் கெசியாவைப் பார்த்தார், ஒரு விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி. நட்சத்திரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

அந்த ஃபேன் மட்டும் ஓடாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். டிசம்பரில் எதற்கு ஃபேன்? கமிட்டியில் கேட்டேன். மறுபடியும் எலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் ரோஸ்லெட் அவர்களுக்காகச் செய்த பிரியாணி அண்டாவோடு இருந்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கெசியா இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்கு அப்படிப் பசிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் லீலா டீச்சரிடம் இருந்து போன். சம்மதம் என்றார். பையனுக்கும் அவளைப் பிடித்துவிட்டது, எனக்கு அதைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது என்றார். கொடுத்த வாக்கையும் மீறாமல், எங்களையும் ஏமாற்றாமல், இப்படி ஒரு வேலை பார்க்க எத்தனை பேருக்கு வரும் என்றார். என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. கைவேலையைச் சொல்கிறார் போலிருக்கிறது. அதுவும் என் மேற்பார்வையில் நடந்ததுதான். தம்பி, நான் அந்த அலங்காரத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்தச் சம்பந்தம் கூடியிருக்குமா? நீங்களே சொல்லுங்கள். ஒருத்தராவது என்னிடம் வந்து ஒரு நன்றி சொன்னார்களா? மாதர் சங்கத்தில் கெசியாவுக்குச் சால்வை போட்டார்கள். எனக்கு இல்லை.

போனை வைக்கும் முன்னால் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். "கார்டு விஷயத்துல மட்டும் நீங்க தலையிடாண்டாம் அண்ணாச்சி. கெசியாவே பாத்துக்கட்டும்."

சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மே மாதம் கல்யாணம். போன வாரம் மாதிரிக் கார்டு ஒன்றை இந்த மெஷினில் வெட்டிக்கொண்டு வந்து காட்டினாள். வெளிர் நிறத்தில் ஒரு மடிப்பு. முன்பக்கம் நட்சத்திர வடிவத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் பார்த்தால் உள்ளே இரண்டு பெயர். கெசியா, ஆஸ்டின். திறந்தால் தேதி, கோயில், நேரம். அவ்வளவுதான்.

பெற்றோர் பெயர் எங்கே என்று கேட்டேன். தாத்தா பாட்டி? தாய்மாமன்? என் பதவி? உலகத்தில் எங்கேயாவது பெண்ணைப் பெற்றவன் பெயர் இல்லாமல் கல்யாணக் கார்டு உண்டா? பெண் என்ன, சவுக்கு மரத்தில் இருந்து பறித்ததா?

"பேரே இல்லேன்னா யாரையும் சாகடிக்க வேண்டியதில்லல்லாப்பா" என்றாள்.

இதுதான் தம்பி என் மனக்குறை. வருகிற ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து எல்லாக் கார்டையும் வெட்டப்போகிறாள். மெஷின் இருந்தால்தானே வெட்டுவாள்? மெஷின் போய்விட்டால் சிவகாசிக்குத்தான் போக வேண்டும். சிவகாசிக்குப் போனால் நான் இல்லாமல் முடியாது, அந்தப் பிரஸ்காரனுக்கு என்னைத்தான் தெரியும். தங்க எழுத்தில், நடுவில், என் பெயர். இந்த முறை எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒரு தடவை விசாரித்துவிடுவேன்.

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் பெண் பிறக்கும், அப்போது தெரியும். எழுந்திருங்கள், நேரமாகிறது, மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கம் விரலை வைத்துத் தூக்கினால் தானாகத் திறக்கும். பார்த்தீர்களா, கீறல் ஒன்று உண்டா?

பிளேடா? கிளாம்பில் இருக்குமே. நன்றாகப் பாருங்கள். இருக்கும்.

சிவப்பாக என்ன? கொடுங்கள் இப்படி.

நட்சத்திரம். அந்த அட்டைதான், சந்தேகமே இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டியிருக்கிறாள். இருங்கள், கண்ணாடி எங்கே. இந்தத் தடவை பின்பக்கத்தையும் பார்த்துவிடுகிறேன்.

என் பெயர். ஞா. ஞானாயுதம். அது மட்டும்தான். இவ்வளவு சின்ன நட்சத்திரத்துக்குள் அடங்குகிற பெயரா இது? எத்தனை கார்டைப் பாழாக்கினாளோ.

பிளேடு அவள் கைப்பையில் இருக்கும். காலையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள், போய்விட்டு வருகிறேன் அப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என்ன, கிளம்பிவிட்டீர்கள்? வந்ததற்கு இதையாவது பார்த்துவிட்டுப் போங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொம்பு, சுழி, புள்ளி, ஏதாவது ஒன்று அறுபட்டிருக்கிறதா? ஓரம் எவ்வளவு சுத்தம்?

நான்தான் முதலிலேயே சொன்னேனே தம்பி. மெஷினில் ஒரு குறையும் இல்லை.